அரைப்பேர் ஆங்கிலம்

பன்வில என்று சொன்னால் அது எங்கே இருக்கிறது என்று கொழும்பு நண்பர்கள் இன்னமும் கேட்பதுண்டு. கண்டியிலிருந்து வத்தேகம சென்று, அங்கிருந்து மேலேறும் பாதையைப் பிடித்தால், நக்கிள்ஸ் மலைத்தொடரின் பக்கமாக வருகின்ற சிறு பட்டணம் அது. மடுல்கலை, ஹுலுகங்கை என்று சுற்றிலும் ஊர்கள்; அவற்றுக்கிடையே தேயிலை மலைகள்; மலைகளுக்கிடையே லயங்கள். லயத்துப் பிள்ளைகள் வீட்டிலே மலையகத் தமிழ் பேசுகிறார்கள். பட்டணத்துக் கடையிலே சிங்களம் பேசுகிறார்கள். கைபேசியிலே தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். பாடசாலைக்கு வந்து, ‘மறக்க முடியாத ஒரு நாள்’ என்ற தலைப்பில் ஆங்கிலக் கட்டுரை எழுதுகிறார்கள்.

அந்தக் கட்டுரைகளைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன்.

இப்பகுதியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், க.பொ.த. சாதாரண தர வகுப்பு மாணவர்களின் கட்டுரைக் கட்டொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பத்திரிகையில் காலம் தள்ளியவன் என்பதால், பிழை திருத்துவது எப்படி என்று எனக்குத் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. “எல்லாம் பேச்சுக் கொச்சை ஐயா. கட்டுரை எது, வாட்ஸ்அப் எது என்று பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை” என்றார். தாள்கள் சிவந்து கிடந்தன.

ஆறுதலாக இருந்து வாசித்தேன். ஆசிரியர் ஒரே சிவப்பு மையால் கோடிட்டிருந்த சொற்கள் உண்மையில் மூன்று வகைப்பட்டவை என்பது பத்துத் தாள்களைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. மூன்றுக்கும் மூலம் வேறு, மருந்தும் வேறு.

முதலாவது, கைபேசியிலிருந்து வந்தவை. ‘யூ’ என்ற சொல்லுக்கு ஒற்றை எழுத்து; ‘பிகாஸ்’ என்பதற்கு முதலும் கடைசியும்; ‘கோயிங் டு’ என்பதற்குப் பதிலாக ‘கன்னா’. இதைக் கண்டு உலகமெங்கும் ஆசிரியர்கள் பதறியிருக்கிறார்கள். நியூசிலாந்தில் 2006ஆம் ஆண்டு, விடை தெளிவாக இருந்தால் குறுஞ்செய்திச் சுருக்கங்களுக்காகப் புள்ளி குறைக்கத் தேவையில்லை என்று பரீட்சை அதிகார சபை சொன்னபோது பெரும் வாதமே எழுந்தது. 2013இல் தென் இலண்டனிலுள்ள பாடசாலையொன்று, மாணவர்கள் பாடசாலை வளவுக்குள் சொல்லக்கூடாத வழக்குச் சொற்களின் பட்டியலை எழுதியே மாட்டியது.

ஆனால் இந்த முதல் வகையைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. ‘ஓ மை காட்’ என்பதற்கு இன்றைய பிள்ளைகள் எழுதும் மூன்றெழுத்துச் சுருக்கத்தை, 1917ஆம் ஆண்டிலேயே பிஷர் என்ற முதிய கடற்படைத் தளபதி, வின்ஸ்டன் சேர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் பயன்படுத்திவிட்டார். மொழியியல் அறிஞர் டேவிட் கிறிஸ்டல் 2008இல் வெளியிட்ட நூலில், குறுஞ்செய்திகளில்கூடச் சுருக்கி எழுதப்படும் சொற்கள் பத்து வீதத்துக்கும் குறைவே என்று காட்டியிருக்கிறார். அதே ஆண்டில் அமெரிக்காவின் பியூ ஆய்வு நிறுவனம் பதின்ம வயதினரைக் கேட்டது. கைபேசி, இணைய எழுத்தின் ஏதோவொரு சாயல் தமது பாடசாலை எழுத்திலும் விழுந்துவிடுகிறது என்று 64 வீதமானோர் ஒப்புக்கொண்டார்கள். சுருக்கெழுத்துகள் புகுந்ததாக 38 வீதமானோர் சொன்னார்கள். அதே பிள்ளைகளில் 60 வீதமானோர், தாம் கைபேசியில் தட்டுவதை ‘எழுத்து’ என்றே கருதவில்லை என்றும் சொன்னார்கள். வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. கை மட்டும் சில வேளைகளில் மறந்துவிடுகிறது. இது ஒரு தரம் திருப்பி வாசித்தால் தீரும் நோய்.

இரண்டாவது வகை, தமிழ் வழக்கை அப்படியே ஆங்கிலத்தில் கழற்றி மாட்டியது. ஒரு மாணவன், விளையாட்டுப் போட்டியில் வென்ற தன் நண்பனைப் பற்றி ‘ஹீ இஸ் அனதர் லெவல்’ என்று எழுதியிருந்தான். ‘வேற லெவல்’ என்று சென்னைத் தொலைக்காட்சிகள் நாள் முழுவதும் சொல்வதைப் பன்வில மலை கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது! இன்னொருவன், வகுப்பில் பெருமையடிக்கும் ஒருவனைக் குறித்து ‘ஹீ இஸ் ஷோயிங் ஃபிலிம்’ என்றிருந்தான். படம் காட்டுகிறானாம். வாய்விட்டுச் சிரித்தேன். தமிழறியாத ஒருவர் இதை வாசித்தால், அந்தப் பையனிடம் ஒரு புரொஜெக்டர் இருப்பதாகத்தான் எண்ணுவார்.

இது பிழைதான். வாசகனுக்குப் பொருள் சென்று சேராத எதுவும் பிழையே. ஆனால் அறியாமையால் மட்டும் விளைந்த பிழை என்று சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இல் வெளியிட்ட தமது நூலில், மாணவர்கள் தங்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் கிறுக்கி வைத்தவற்றையெல்லாம் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். தமக்கு அந்நியமான ஒரு பாடத்தைத் தமது உலகத்துக்கு இழுத்துக்கொள்ளும் முயற்சியை அந்த ஓரங்களில் அவர் கண்டார். ‘படம் காட்டும்’ மாணவனும் அதைத்தான் செய்கிறான். தனக்குள் ஓடும் எண்ணத்தை ஆங்கிலத்திற்குக் கொண்டுவரப் பார்க்கிறான். கையில் பாலம் இல்லாததால் குதிக்கிறான், ஆற்றில் விழுகிறான். குதித்ததற்காக அடிப்பதா, பாலம் காட்டுவதா என்பதே கேள்வி.

மூன்றாவது வகைதான் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது.

ஒரு மாணவியின் கட்டுரை. பாடசாலைக் கலைவிழாவில் அவள் மேடையேறிய நாளைப் பற்றியது. மகளின் ஆட்டத்தைப் பார்ப்பதற்காகத் தாய் மலையிலிருந்து நேரத்தோடு இறங்கி வருகிறாள். கொழுந்தின் நிறை குறைகிறது. அடுத்த வரியில் அந்தப் பிள்ளை எழுதுகிறாள்: ‘தட் டே மை மதர் காட் ஹாஃப் நேம்.’ அன்று என் அம்மாவுக்கு அரைப்பேர்தான் விழுந்தது.

‘ஹாஃப் நேம்’ என்பதன் கீழே இரட்டைக் கோடு. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஆசிரியர் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர். அரைப்பேர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தோட்டத்தில் ஒருவர் வேலைக்கு வந்தால் செக்ரோலில் அவருக்குப் பேர் விழும். ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். குறிக்கப்பட்ட நிறைக்குக் குறைவாகக் கொழுந்து பறித்தாலோ, இடையில் மலையை விட்டு இறங்கினாலோ அரைப்பேர்; பாதிச் சம்பளம். அந்தப் பிள்ளையின் கட்டுரை முழுவதும் அந்த இரண்டு சொற்களில்தான் நிற்கிறது. தாய் தன்னைப் பார்ப்பதற்குக் கொடுத்த விலை என்ன என்பதை வேறெந்தச் சொல்லாலும் அவள் சொல்லவில்லை. சிவப்பு மை சரியாக அந்த இடத்திலேயே விழுந்திருந்தது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. ‘ஹாஃப் நேம்’ என்பது அந்தப் பிள்ளை உண்டாக்கிய சொல் அன்று. தோட்டத்துரைமாரின் ஆங்கிலத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். ‘செக்ரோல்’, ‘லைன்’, ‘மஸ்டர்’ என்று தோட்டத்து ஆங்கிலம் ஒன்று இருந்தது. அதிலிருந்து நாம் லயம் என்றும் பெரட்டு என்றும் எடுத்துக்கொண்டோம். நம்மிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டதும் ஏராளம்.

வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்காக, 19ஆம் நூற்றாண்டிலேயே ‘இங்கே வா’ என்ற தலைப்பில் ஒரு கைநூல் கொழும்பில் அச்சாகியது. தலைப்பைக் கவனியுங்கள். ‘வாருங்கள்’ இல்லை, ‘வா’. 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய மற்றொரு நூலுக்கு ‘கூலித் தமிழ்’ என்றே பெயர். அந்தத் துரைமார் கற்றது தொல்காப்பியத் தமிழல்ல. பெரட்டுக்களத்துப் பேச்சுத் தமிழ். அந்தப் பேச்சுத் தமிழின் சொற்கள் அவர்களுடைய அறிக்கைகளில் ஏறின, சட்டத்திலும் ஏறின. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தொழிலாளி என்றால் யார் என்று வரையறுக்கும் இடத்திலேயே ‘கங்காணி’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் வைத்திருக்கிறது. தொழிலாளியைக் கடனோடு சேர்த்துத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921இல் ஒழிக்கப்பட்டபோது, அரசாங்கத்தின் ஆங்கிலப் பத்திரங்களில் அதற்கு ‘துண்டு’ என்றுதான் பெயர். எந்தத் துரைக்கும் யாரும் சிவப்புக் கோடு இடவில்லை.

சிங்களத்திலும் இந்தக் கதை உண்டு. நிலத்தைத் திருத்தி வயலாக்குவதைக் குறிக்கும் ‘அஸ்வெத்தும’ என்ற சொல்லுக்கு ஓர் ஆங்கில வாலை ஒட்டி, ‘அஸ்வெத்துமைஸ்’ என்ற வினைச்சொல்லை நமது காணிச் சட்டங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றன. 2025இல் அதை ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியும் ஏற்றுக்கொண்டது. கொத்து ரொட்டியும் கிரிபத்தும் கூடவே ஏறின. அதற்கு முன்னரே, 2007இல், மைக்கல் மெய்லர் இலங்கை ஆங்கிலத்துக்கென்று தனி அகராதியே தொகுத்து வெளியிட்டிருந்தார்.

ஆகவே, ஒரு சொல் கொச்சையா, கலைச்சொல்லா என்பதை அந்தச் சொல்லே தீர்மானிப்பதில்லை. பேனா யார் கையில் இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. துரை எழுதினால் நிர்வாகச் சொல்; கொழுந்து பறிப்பவளின் மகள் எழுதினால் கேள்விக்குறி.

இந்த நாட்டில் ஆங்கிலத்திற்கே ஒரு கொச்சைப் பெயர் உண்டு என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். சுயமொழியில் கற்றுப் பல்கலைக்கழகத்திற்குள் நுழைந்த சிங்கள மாணவர்கள், ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்று அழைத்தார்கள். கடுவ என்றால் வாள். வைத்திருப்பவன் வெட்டுவான், இல்லாதவன் வெட்டுப்படுவான். திரு கந்தையா என்ற நம்மவர் 1984இல் அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து, இலங்கையில் ஆங்கிலத்தின் அதிகாரத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். உச்சரிப்புப் பிசகியவர்களை ‘நொட் பொட்’ என்று கேலி செய்யும் வழக்கமும் நம்மிடம் உண்டு. 2009ஆம் ஆண்டில், ஆங்கிலத்தை நமது வழியில் பேசுவோம் என்ற முழக்கத்தோடு அரசாங்கம் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அச்சத்தைப் போக்குவதற்கு நல்ல முழக்கம். ஆனால் பேசுவதற்கு அஞ்சாத பிள்ளை, எழுதும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு முழக்கத்தால் கற்பித்துவிட முடியாது.

எழுத்தில் சிவப்பு மை என்ன செய்கிறது என்பதை அதே கட்டில் பார்த்தேன். அடியில் ஏழெட்டுத் தாள்கள் கோடே இல்லாமல் சுத்தமாக இருந்தன. எடுத்து வாசித்தால், எல்லாவற்றிலும் ஒரே கட்டுரை! மறக்க முடியாத நாளில் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே பேராதனைப் பூங்காவுக்குச் சென்று, ஒரே மரத்தின் கீழிருந்து சாப்பிட்டு, ‘மிகவும் மகிழ்ச்சியுடனும் களைப்புடனும்’ வீடு திரும்பியிருந்தார்கள். டியூஷன் வகுப்பில் மனப்பாடம் செய்தது. பிழையில்லை, பிள்ளையும் இல்லை. இப்போது அந்த வேலையைச் சாட்ஜிபிடி இன்னும் சுத்தமாகச் செய்து தருகிறது. வீட்டில் எழுதும் கட்டுரைகளில் கொச்சையே வருவதில்லை என்று ஓர் ஆசிரியை என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

அரைப்பேர் எழுதிய பிள்ளைக்குக் கிடைத்த புள்ளி, பூங்காவுக்குப் போகாமலே போய்வந்த பிள்ளைகளுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. இதிலிருந்து அவள் கற்கக்கூடிய பாடம் ஒன்றுதான்: அடுத்த முறை நீயும் பூங்காவுக்குப் போ.

அப்படியானால் கொச்சையை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. இந்தப் பிள்ளைகள் நாளை பேராதனைக்கோ கொழும்புக்கோ செல்ல வேண்டியவர்கள். மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தில்தான் கற்பிக்கப்படுகின்றன. உயர்தரத்தில் எழுதும் பொது ஆங்கிலப் பாடத்தின் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை என்பதால் அதை அசட்டை செய்துவிட்டு, உள்ளே சென்றதும் முதல் வருடத்தில் திணறுகிறவர்கள் அனேகர். அங்கே எழுதும் ஆய்வறிக்கையில் ‘அனதர் லெவல்’ என்று எழுத முடியாது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். இலவசக் கல்வி வந்து ஒரு தலைமுறை கழித்துத்தான் நமக்கு வாசல் திறந்தது. இத்தனை பிந்தி வந்தவர்களிடம், உங்கள் பேச்சே போதும், எழுத்து மொழி வேண்டாம் என்று சொல்வது அன்பாகாது. அது வேறொரு வகையான கதவடைப்பு.

வழி எங்கே இருக்கிறது? நம் தமிழிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

தமிழ்ப் பிள்ளை எவனும் பேசுகிறபடி எழுதுவதில்லை. ‘மழ வந்துருச்சு’ என்று வீட்டில் சொல்கிற பிள்ளை, கொப்பியில் ‘மழை வந்துவிட்டது’ என்று எழுதுகிறது. இதை யாரும் பெரிய சாதனையாகக் கருதுவதில்லை. ஆனால் இது சாதாரண திறமை அல்ல. ஒரே மொழிக்குள் இரண்டு மொழிகளை வைத்துக்கொண்டு, இடமறிந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது அந்தப் பிள்ளை. நம் இலக்கணம் ஆதியிலேயே உலக வழக்கு என்றும் செய்யுள் வழக்கு என்றும் பிரித்துவைத்தது. நன்னூல் இன்னும் ஒரு படி போய், சிதைந்து வழங்கும் சொல்லுக்கு மரூஉ என்றும், ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லுக்குக் குழூஉக்குறி என்றும் பெயரிட்டு, இரண்டுக்கும் இலக்கணத்துக்குள்ளேயே நாற்காலி போட்டது. அரைப்பேர் தோட்டத்தாரின் குழூஉக்குறி. கைபேசிச் சுருக்கம் இக்காலத்து மரூஉ. இவற்றைக் கண்டு பதறுவதற்கு நமக்கு ஒரு காரணமும் இல்லை.

இந்த வழக்கை நாம் தமிழிலும் நடத்தித்தான் முடித்தோம். 1960களின் தொடக்கத்தில், சிறுகதையிலும் நாவலிலும் பேச்சுத் தமிழ் வந்தபோது, அதை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர்கள் ஒதுக்கினார்கள். அந்த மரபுப் போராட்டத்தில் கைலாசபதியும் சிவத்தம்பியும் எதிர்ப்பக்கத்தில் நின்று வாதிட்டார்கள். யார் வென்றார்கள் என்பதை நம் இலக்கியம் சொல்லும். ஆனால் பேச்சு வழக்கை ஆதரித்த கைலாசபதி, தம்முடைய திறனாய்வுக் கட்டுரைகளைப் பேச்சுத் தமிழில் எழுதவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எங்கே எது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆங்கிலத்திலும் இப்படித்தான், பேசும் ஆங்கிலம் வேறு, எழுதும் ஆங்கிலம் வேறு என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. சரியான ஆங்கிலம், பிழையான ஆங்கிலம் என்ற இரண்டே பெட்டிகளைக் காட்டுகிறோம். தாங்கள் கேட்டு அறிந்த ஆங்கிலம் முழுவதும் பிழைப் பெட்டிக்குள் போவதைக் கண்ட பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. ‘கன்னா என்பது வந்துருச்சு போல, கோயிங் டு என்பது வந்துவிட்டது போல’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அந்தக் கட்டைக் கொண்டுவந்த ஆசிரியரிடம் நான் சொன்னது அவ்வளவுதான். “இதை எங்களுக்குப் பயிற்சிக் கலாசாலையில்கூட யாரும் சொல்லவில்லையே” என்றார்.

பத்திரிகைத் தொழிலில் இதை நாங்கள் நாள்தோறும் செய்திருக்கிறோம். மலைச்சரிவில் லயம் புதைந்த செய்திக்குப் போகிறவன், குறிப்புப் புத்தகத்தில் அந்த மக்களின் வாய்மொழியை அப்படியே எழுதிக்கொள்வான். அங்கே திருத்தினால் செய்தி செத்துவிடும். காரியாலயம் வந்து பிரதி எழுதும்போது, ஊரறியாத வாசகனுக்காக மொழியை மாற்றுவான். சில சொற்களை மட்டும் மாற்ற மாட்டான். அவற்றின் பக்கத்தில் ஒரு சிறு விளக்கம் வைப்பான். குறிப்புப் புத்தகமும் வேண்டும், பிரதியும் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை.

பிள்ளைகளுக்கும் இதையே சொல்லலாம். முதற்படியை உன் வாயில் வருகிறபடி எழுது. கொச்சை வரட்டும், தமிழ் வரட்டும், படம் காட்டுகிறவனும் வரட்டும். இரண்டாம் படியை உன்னை அறியாத ஒருவருக்காக எழுது. அப்போது ஒற்றை எழுத்துகள் தாமாகவே விரியும். படம் காட்டுகிறவன் பெருமையடிக்கிறவனாக மாறுவான். அரைப்பேர் மட்டும் மாறக்கூடாது. ‘அன்று என் தாய்க்குப் பாதிச் சம்பளமே கிடைத்தது, தோட்டத்தில் நாங்கள் இதை அரைப்பேர் என்போம்’ என்று ஆங்கிலத்தில் எழுத அவளுக்கு வேண்டியது ஓர் அரைப்புள்ளியும் ஆறேழு சொற்களும்தான். எந்தப் பரீட்சகராலும் அதைப் பிழை என்று சொல்ல முடியாது. அதைவிடத் தெளிவான முறைசார் ஆங்கிலம் வேறு இல்லை.

தோட்டத்து மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் உலகறியச் செய்தவர் நம் சி.வி. வேலுப்பிள்ளை. மலையகத்தில் பிறந்து, 1947இன் முதற் பாராளுமன்றத்தில் அமர்ந்து, 1970இல் ‘போர்ன் டு லேபர்’ என்ற நூலைத் தந்தவர். நம் சொற்களை ஆங்கிலத்துக்கு எடுத்துச் செல்லத் துரைமார்தான் வரவேண்டும் என்பதில்லை என்று அவர் காட்டிவிட்டுப் போனார். அவருக்குப் பிறகு அந்த வரிசை நீளமாக இல்லை. நீளாததற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம்; பத்தாம் வகுப்புக் கட்டுரைத் தாளின் ஓரத்தில் விழும் கேள்விக்குறியும் அவற்றுள் ஒன்று.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடிடுவதற்கு முன், அந்தச் சொல்லின் பொருள் என்னவென்று எழுதிய பிள்ளையிடம் ஒரு தடவை கேளுங்கள். பொருள் சொல்லத் தெரியாவிட்டால் கோடிடுங்கள். சொல்லத் தெரிந்தால், சொன்னதையே சேர்த்து எழுதும்படி தாளைத் திருப்பிக் கொடுங்கள்.